பூட்டைச் சோதிப்பவனும் பூட்டை உடைப்பவனும்

கதவு உடைக்கப்படவில்லை. சுவரிலே கன்னம் வைக்கப்படவில்லை. வாசலில் படுத்திருந்த நாயும் குரைக்கவில்லை. ஆயினும் வீட்டிலிருந்த கடிதமும் கணக்கும் படமும் பேச்சும் அத்தனையும் களவு போயின. வீட்டுக்குரியவருக்கோ களவு போனதே தெரியாது! இப்படியும் ஒரு திருட்டு நடக்குமோ என்று ஐயுறுவோருக்கு, 2021ஆம் ஆண்டில் சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபோனில் கண்டறியப்பட்டதை எடுத்துக் காட்டுகின்றோம். அவர் எந்த இணைப்பையும் தொடவில்லை. எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. அசையும் படமென்று வேடம் புனைந்து வந்து சேர்ந்த சில கோப்புகள், அவர் விரலசைவுக்குக்கூடக் காத்திராமல், பெகாசஸ் என்னும் உளவு மென்பொருளுக்கு உள்ளிருந்தே வழி திறந்து விட்டன.

அந்தக் களவைக் கண்டறிந்தவர் யார்? காவல்துறையா? உலகத்திலேயே பெருஞ்செல்வம் படைத்த கைபேசி நிறுவனமா? இல்லை, தோழர்களே! கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், 2001ஆம் ஆண்டு பேராசிரியர் ரொனால்டு டீபர்ட் நிறுவிய 'சிட்டிசன் லேப்' என்னும் ஆய்வகத்தினர். செப்டம்பர் 7ஆம் நாள் தங்கள் கண்டுபிடிப்பை ஆப்பிள் நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். 13ஆம் நாள் அந்நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. ஆறே நாட்களில் உலகெங்குமுள்ள கோடானுகோடி ஐபோன்களுக்கு மருந்து கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மேசையிலிருந்து புறப்பட்ட மருந்து அது.

இயக்கத்தின் ஏட்டிலே, ஞாயிற்றுக்கிழமையதுவுமாக, மென்பொருளைப் பற்றியும் அதன் நஞ்சைப் பற்றியும் ஏன் எழுதுகிறார்கள் என்று வியப்போர் இருக்கக்கூடும். பொறியாளர் படிக்க வேண்டியதைத் தொண்டர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்போரும் இருப்பர். அரசியல் இன்று எங்கே நடக்கிறது? மேடையில் மட்டுமா? கிளைக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதும், வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்பதும், செய்தியாளரிடம் உண்மை உரைப்பதும், நன்கொடைக் கணக்கு அனுப்புவதும் கைபேசியில் அல்லவோ நடக்கின்றன! அந்தக் கைபேசிக்குள் மாற்றான் குடிபுகுந்துவிட்டால், அவன் நம் ஆலோசனைக் கூட்டத்தில் அழையாமலே அமர்ந்துவிட்டான் என்று பொருள். ஆகவே இது பொறியாளர் சங்கதி மட்டுமன்று. உரிமை பேசும் எவரும் அறிந்து தீரவேண்டிய சங்கதி.

அந்தக் கோப்பு என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். தாளை நகலெடுத்துச் சிறிதாக்கிச் சேமிப்பதற்கென முன்னொரு காலத்தில் வகுக்கப்பட்ட பட முறையொன்று உண்டு. ஜேபிக்2 என்பது அதன் பெயர். அந்தப் பழைய முறையைப் படிக்கும் நிரல், புத்தம் புதிய ஐபோனுக்குள்ளும் ஒரு மூலையில் கிடந்தது. வரும் சரக்கின் அளவைக் கூட்டிப் பார்க்கையில், கூட்டுத்தொகை அதற்கென வைத்த கட்டத்தில் அடங்காது வழிந்தால், பெரிய எண் சிறிய எண்ணாகத் தோன்றும். பத்து மூட்டை வருமென்று கிடங்கில் இடம் ஒதுக்கியிருக்க, ஆயிரம் மூட்டை வந்து இறங்கினால் என்னவாகும்? சுவர் சரிந்து பக்கத்து அறைக்குள் மூட்டைகள் விழும். அந்தப் பக்கத்து அறையில்தான் இருக்கிறது கைபேசியின் கட்டுப்பாடு!

சிட்டிசன் லேப் பகிர்ந்துகொண்ட கோப்பை, கூகுள் நிறுவனத்தின் 'புராஜெக்ட் ஜீரோ' ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 2021 டிசம்பரில் எழுதினார்கள். அந்தப் படத்துக்குள் 70,000க்கும் மேற்பட்ட கட்டளைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றால் கூட்டவும் ஒப்பிடவும் வல்ல சிறு கணினியொன்றே கட்டப்பட்டிருந்தது. படத்துக்குள் ஒரு கணினி; கணினிக்குள் ஒரு களவாளி! அறிவு எவ்வளவு உயரத்துக்குச் செல்லும் என்பதற்கும், எவ்வளவு கீழான வேலைக்கு வாடகைக்குக் கிடைக்கும் என்பதற்கும் இந்த ஒன்றே சான்று.

இத்தகைய நஞ்சைப் பிரித்தறியும் கலை இரு வழிகளில் நடைபெறுகிறது. நஞ்சு மென்பொருளை ஓடவிடாமல், அதன் கட்டளைகளை வரிவரியாகப் பிரித்து வாசிப்பது ஒரு வழி. வெளியுலகத் தொடர்பு அறுத்த தனிக் கூண்டிலே அதை ஓடவிட்டு, எந்தக் கோப்பைத் தொடுகிறது, எந்த முகவரியோடு பேச முயல்கிறது என்று கண்காணிப்பது மற்றொரு வழி. பாம்பின் உடலை அறுத்துப் பார்ப்பது முன்னது. கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் பார்ப்பது பின்னது. நஞ்சு செய்பவனும் சும்மா இருப்பதில்லை. கூண்டில் இருப்பதை உணர்ந்தால் பசுவைப்போல் படுத்துக்கொள்ளும் மென்பொருளையும் அவன் செய்கிறான். ஆய்வாளர் அதற்கும் மாற்று காண்கிறார். ஓயாத போட்டி இது. எந்த நாளில் ஆய்வாளர் களைத்து அமர்கிறாரோ, அந்த நாள் களவாளிக்குத் திருநாள்.

இந்தப் போட்டிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1983 நவம்பரில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் கோஹன், தன்னைத் தானே பிற நிரல்களில் ஒட்டிக்கொண்டு பரவும் நிரலொன்றைச் செய்து, கணினியின் காவலை எவ்வளவு எளிதில் கைப்பற்றலாம் என்பதை வகுப்பிலே காட்டினார். அதற்கு 'வைரஸ்' என்று பெயரிட்டவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஏடில்மன். மறு ஆண்டு வெளிவந்த ஆய்வுரையில், எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் ஒரே நிரலை எழுதுவது இயலாத செயல் என்றே கோஹன் நிறுவினார். அதற்கு நிர்வாகம் தந்த பரிசு என்ன தெரியுமா? இனி இத்தகைய பரிசோதனைகளுக்கு அனுமதியில்லை என்ற தடை! நோயைக் காட்டிய மருத்துவனை ஊரைவிட்டு விலக்கினால் நோய் விலகிவிடும் என்ற நினைப்பு அது. நோய் விலகியதா?

1988 நவம்பர் 2ஆம் நாள் அதற்கு விடை வந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவரொருவர் விடுத்த புழுநிரல், அன்றைய இணையத்தில் சுமார் 6,000 கணினிகளை முடக்கிப்போட்டது என்று மதிப்பிட்டார்கள். அன்றிருந்த கணினிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று அது. வாசகத்தின் நீளத்தைச் சரிபாராமல் வாங்கிக்கொண்ட நிரலும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களும் புழுவுக்கு வழி தந்தன. அதை அடக்கியவர் யார்? பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் இரவு பகலாக அமர்ந்து புழுவைக் கூறுகூறாகப் பிரித்த பல்கலைக்கழகத்தாரே. பர்டியூ பல்கலைக்கழகத்தின் யூஜின் ஸ்பாஃபோர்டு அதன் நடப்பை விளக்கி விரிவான அறிக்கை எழுதினார். அந்த மாதமே, கணினி நெருக்கடிகளில் உதவுவதற்கென்று ஒரு மையம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. 1983இல் வாயை அடைக்க முனைந்தார்கள். 1988இல் வாய் திறந்து பேசியவர்களால் தப்பினார்கள். இதனினும் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

ஓட்டைகள் ஏன் ஓயாமல் தோன்றுகின்றன என்ற கேள்விக்கும் ஆய்வுலகம் விடை தேடியிருக்கிறது. நினைவகத்தில் எதை எங்கே வைப்பது என்ற பொறுப்பு முழுவதையும் நிரல் எழுதுபவர் தலையிலே சுமத்தும் பழைய மொழிகள் உள்ளன. ஒரு கணம் கண் அயர்ந்தால் ஓட்டை விழும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019ஆம் ஆண்டில், தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த நினைவகக் குறைகளே என்று ஒப்புக்கொண்டது. கூகுளின் குரோம் உலாவியைச் செய்வோரும், கடுமையான குறைகளைப் பொறுத்து, மறு ஆண்டில் அதே கணக்கைச் சொன்னார்கள். இந்த இனத்துக் குறைகளை எழுதும்போதே தடுக்கும் ரஸ்ட் போன்ற மொழிகள் இன்று உண்டு. வழி தெரியாததால் அன்று, பழைய நிரலை மாற்றி எழுத ஆகும் செலவுக்கும் காலத்துக்கும் அஞ்சுவதால்தான் பல ஓட்டைகள் அப்படியே கிடக்கின்றன. விரைந்து விற்றவனுக்கு இலாபம். வீதியில் நிற்பவனுக்கு நட்டம்!

இனி, அந்த ஓட்டைகளை விலைக்கு வாங்குவோர் பக்கம் திரும்புவோம். பெகாசஸைச் செய்து விற்பது இஸ்ரேல் நாட்டில் 2010இல் தொடங்கப்பட்ட என்.எஸ்.ஓ. நிறுவனம். கொடுங்குற்றத்தையும் பயங்கரவாதத்தையும் ஒடுக்குவதற்காக, அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. நடந்தது என்ன?

2016 ஆகஸ்டில், ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைப் போராளி அகமது மன்சூருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய இரகசியங்கள் இந்த இணைப்பில் உள்ளன என்றது அது. மனித உரிமைக்காக வாழ்பவனுக்கு மனித உரிமையையே தூண்டிலில் இரையாகக் கோத்தார்கள்! அவர் அதைத் தொடாமல் சிட்டிசன் லேபுக்கு அனுப்பினார். அதுவரை ஆப்பிள் நிறுவனமே அறியாத மூன்று ஓட்டைகள் அந்த ஒரே இணைப்பின் பின்னே மறைந்திருந்தன. சில நாட்களில் அவை அடைக்கப்பட்டன. உலகம் தப்பியது, அவரோ தப்பவில்லை. 2017 மார்ச்சில் கைது செய்யப்பட்டு, 2018இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பயங்கரவாதியைப் பிடிக்கச் செய்த வலையில் யாரைப் பிடித்தார்கள், பார்த்தீர்களா?

2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாக ஏறத்தாழ 1,400 பேர் குறிவைக்கப்பட்டனர். அவர்களுள் செய்தியாளரும் உரிமைப் போராளிகளும் யார் யார் என்று கண்டறிய உதவியது இதே ஆய்வகந்தான். இந்திய நாட்டின் வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் அந்தப் பட்டியலில் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் வாட்ஸ்அப் அமெரிக்க நீதிமன்றம் ஏறியது. 2021 நவம்பரில் அமெரிக்க வணிகத்துறை என்.எஸ்.ஓ.வைத் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்நிறுவனத்தைப் பொறுப்பாளி என்றது. 2025 மே மாதத்தில் நடுவர் குழு 16 கோடியே 70 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைத் தண்டமாக விதித்தது. அக்டோபரில் நீதிபதி அத்தொகையைச் சுமார் 40 இலட்சமாகக் குறைத்தாரெனினும், வாட்ஸ்அப் பக்கம் இனித் தலைவைக்கக் கூடாதென்று நிரந்தரத் தடை விதித்தார். ஆறு ஆண்டு வழக்கின் அடித்தளத்தில் கிடப்பது, ஆய்வாளர் பொறுமையுடன் சேர்த்த சான்று.

நம் நாட்டுக் கதை என்ன? 2021 சூலையில் பதினேழு செய்தி நிறுவனங்கள் கூடி வெளியிட்ட செய்திகளில், இந்தியச் செய்தியாளர்கள், எதிர்க்கட்சியினர் ஆகியோரின் எண்கள் இடம்பெற்றன. பெகாசஸை வாங்கினீர்களா, இல்லையா என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ நேரான விடை வரவில்லை. அக்டோபர் 27ஆம் நாள் உச்சநீதிமன்றம், நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்ட மாத்திரத்தில் நீதிமன்றம் கைகட்டி நிற்காது என்ற கருத்தை உரைத்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழுவொன்றை அமைத்தது. அக்குழுவில் அமர்ந்தவர் யார்? காந்திநகர் தடய அறிவியல் பல்கலைக்கழகம், கேரளத்தின் அமிர்தா பல்கலைக்கழகம், மும்பை ஐ.ஐ.டி. ஆகியவற்றின் பேராசிரியர் மூவர். நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்கும் ஐயம் வந்தபோது, கதவைத் தட்டிய இடம் பல்கலைக்கழகம்!

2022 ஆகஸ்டில் விடை வந்தது. 29 கைபேசிகள் ஆராயப்பட்டன. ஐந்தில் ஏதோவொரு நஞ்சு மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றனர். உறுதியில்லாததை உறுதி என்று சொல்லாதது அவர்கள் நேர்மை. அதை நாமும் மதிப்போம். ஆனால் ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு தெரிவித்ததைத் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் எடுத்துரைத்தாரே, அதை எப்படி மதிப்பது? மடியில் கனமில்லாதவர் வழியில் ஏன் பயந்தார்?

குற்றமற்றவனுக்கு ஒட்டுக்கேட்டால் என்ன நட்டம் என்பர் சிலர். ஒட்டுக்கேட்பதோடு நிற்கும் பொருளா இது? கணினிக்குள் புகுந்தவன் படிக்கவும் செய்வான், எழுதவும் செய்வான். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, சார்க்கண்டுப் பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, பீமா கொரேகான் வழக்கில் கைதாகி, 2021 சூலை 5ஆம் நாள், 84ஆம் வயதில், விசாரணைக் கைதியாகவே மருத்துவமனையில் மறைந்தார். அவருடைய கணினியை ஆராய்ந்த அமெரிக்கத் தடய ஆய்வு நிறுவனமான ஆர்சனல், குற்றஞ்சாட்டும் ஆவணங்கள் நஞ்சு மென்பொருள் வழியே உள்ளே வைக்கப்பட்டவை என்று 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அவ்வழக்கில் அந்நிறுவனம் கண்ட முடிவுகளை வழக்குத் தொடுத்த தரப்பு ஏற்கவில்லை. எது மெய் என்று சோதித்துத் தீர்ப்புரைக்க வேண்டியது நீதிமன்றம். ஆனால் அந்தச் சோதனையைக் காண அவர் உயிரோடு இல்லையே! கைது செய்யும் நாளிலேயே, கட்சி சாராத ஆய்வாளர் கையில் அந்தக் கணினியின் படி கிடைத்திருந்தால் என்ற எண்ணம் எவர் நெஞ்சைத்தான் சுடாது?

பயங்கரவாதி உலவும் நாட்டில் அரசுக்கு உளவே கூடாதா என்று வினவுவோருக்கும் விடை சொல்வோம். உளவு வேண்டிய இடமுண்டு. சட்டம் சொல்லும் காரணம், எழுத்திலே ஆணை, அதன்மேல் ஆய்வு என்ற வேலிக்குள் அது நிற்கட்டும். ஆனால் ஓர் ஓட்டையை மறைத்து வைத்துக்கொண்டு உளவு பார்க்கும் அரசு, அதே ஓட்டையை அதே வகைக் கைபேசி வைத்திருக்கும் தன் குடிமக்கள் அனைவருக்கும் திறந்தே வைக்கிறது. அமைச்சர் கைபேசியும் அந்த வகைதான். படைத்தலைவர் கைபேசியும் அந்த வகைதான். ஒருவனைப் பிடிக்க ஊர்க்கதவு முழுவதையும் திறந்து வைப்பது எந்த நாட்டுப் பாதுகாப்பு?

அயல்நாட்டு ஆய்வகம் சொல்வதை நாம் ஏன் நம்பவேண்டும் என்பாரும் உளர். நம்பச் சொல்லவில்லை, சோதிக்கச் சொல்கிறோம். ஆய்வின் பெருமையே அதில்தான் இருக்கிறது. ஆம்னெஸ்டி அமைப்பு தன் ஆய்வுமுறையை வெளியிட்டதோடு, சோதிக்கும் கருவியையும் எவரும் எடுத்து ஆளும்படி பொதுவிலே வைத்தது. அந்த முறையைச் சிட்டிசன் லேப் தனியாகச் சரிபார்த்தது. உறைக்குள் வைத்து முத்திரையிட்ட உண்மையைவிட, பத்துப்பேர் தட்டிப் பார்க்கும் உண்மை உறுதியானது.

இப்பணிக்கு வரும் இடையூறுகளும் சிறியனவல்ல. பொய்ப் பெயரும் பொய்த் தொழிலும் சொல்லிக்கொண்டு வந்தவர்கள், சிட்டிசன் லேப் ஆய்வாளர்களை விருந்துக்கு அழைத்து, என்.எஸ்.ஓ. பற்றிய ஆய்வு குறித்து வாயைக் கிளறிய செய்தியை 2019 சனவரியில் அசோசியேட்டட் பிரஸ் அம்பலப்படுத்தியது. தமக்குத் தொடர்பில்லை என்றது என்.எஸ்.ஓ. யார் அனுப்பியிருந்தாலும், அனுப்பியவருக்கு ஆய்வாளரின் பேனா உறுத்தியிருக்கிறது என்பது திண்ணம்.

நம் நாட்டிலோ விருந்துக்கு அழைக்கவும் தேவையில்லை, சட்டமே போதும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவர் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதைத் தவறென்கிறது. நல்லெண்ணத்தோடு குறையைச் சோதித்துச் சொல்லும் ஆய்வாளருக்கென்று அதில் விலக்கு எழுதப்படவில்லை. பூட்டைச் சோதிப்பவனும் பூட்டை உடைப்பவனும் அப்பிரிவின் கண்ணுக்கு ஒரே ஆள்! அமெரிக்க நீதித்துறைகூட 2022 மே மாதத்தில், நல்லெண்ணப் பாதுகாப்பு ஆய்வாளர்மீது கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பதில்லை என்று தன் கொள்கையை மாற்றியது. அங்கே கொள்கையளவில் செய்ததை இங்கே சட்டமாகவே செய்தால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே கேட்கின்றோம். நல்லெண்ண ஆய்வாளருக்குச் சட்டத்திலேயே தெளிவான காப்பு வேண்டும். குறை கண்டு சொன்னவருக்கு இத்தனை நாளில் விடை, இத்தனை நாளில் திருத்தம் என்ற முறை வேண்டும். பல்கலைக்கழகங்களில் நஞ்சு மென்பொருள் ஆய்வுக்கூடங்கள் எழுப்பப்பட வேண்டும். பணம் தந்தவர் முடிவையும் தருவது என்ற வழக்கம் அங்கே நுழையக் கூடாது. அரசு வாங்கும் மென்பொருள் எதுவாயினும், வெளியார் சோதனைக்கு உட்பட்ட பின்னரே மக்களின் கோப்பைத் தொடவேண்டும். கைப்பற்றப்படும் ஒவ்வொரு கணினியின் பிழையற்ற படியும் அன்றே குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தரப்பட வேண்டும். இவற்றுள் எது பேராசை?

தோழர்களுக்கும் கடமை உண்டு. கைபேசி திருத்தம் கேட்கும்போது 'நாளைக்கு' என்று தள்ளாதீர். ஆறே நாளில் வந்த மருந்தை ஆறு மாதம் அருந்தாதிருந்தால் பழி மருத்துவன்மேல் இல்லை. அறியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் தொடாதீர். குறிவைக்கப்படக்கூடிய பொறுப்பில் இருப்போர், 2022 முதல் ஐபோனில் உள்ள பூட்டுமுறையைப் பயன்படுத்துக. கிளைதோறும் இதைச் சொல்லித்தர ஓர் இளைஞர் முன்வரட்டும். எல்லா நஞ்சையும் கண்டறியும் ஒரே கருவி கிடையாதென்று 1984ஆம் ஆண்டே நிறுவிவிட்டார்கள். விழித்திருக்கும் மனிதருக்கு மாற்று இல்லை என்பதே அதன் பொருள். ஆய்வகத்திலே விழித்திருப்போரைக் காப்பது நம் கடமை; அவர்கள் விழித்திருக்கும்வரைதான் நாம் அச்சமின்றிப் பேசமுடியும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தெருமுனையிலும் இந்தக் குரல் எழட்டும்!